கைத்தொலைபேசியிற் கணிதபாடம்

ஐம்பத்திரண்டிலிருந்து பதினேழைக் கழித்தால் மிகுதி யாது? கீழ்வகுப்புப் பிள்ளைகளுக்கு எந்தப் பாடசாலையிலும் கொடுக்கப்படும் கணக்கு இது. ஒரு பிள்ளை 45 என்று விடை எழுதுகின்றது. வகுப்பறையில் இது நிகழுமாயின், ஆசிரியர் பிள்ளையின் அருகே வந்து கொப்பியைப் பார்ப்பார். “எப்படிச் செய்தாய், சொல் பார்ப்போம்” என்று கேட்பார். பிள்ளை தான் செய்தவாறு சொல்லும். தவறு எந்த இடத்திற் புகுந்தது என்பது அந்தச் சில சொற்களிலேயே வெளிப்பட்டுவிடும்.

அதே பிள்ளை, வீட்டுத் திண்ணையிலிருந்து, தாயாரின் கைத்தொலைபேசியில் அதே கணக்கைச் செய்கின்றது என்று வைத்துக்கொள்வோம். 45 என்று தட்டியதும் திரையிலே சிவப்புப் புள்ளடி தோன்றுகின்றது. பிள்ளை 44 என்று தட்டுகின்றது, மீண்டும் புள்ளடி. பின்னர் 46, 36 என்று தட்டிப் பார்த்து, ஈற்றில் 35 இல் வந்து நிற்கின்றது. மணி ஒலிக்கின்றது, நட்சத்திரங்கள் சொரிகின்றன, அடுத்த கணக்கு வருகின்றது. கழித்தலைப் பற்றி அப்பிள்ளை கற்றுக்கொண்டது ஒன்றுமில்லை. கற்றுக்கொண்டதெல்லாம், விடாது தட்டினால் மணி ஒலிக்கும் என்பது மட்டுமே. ஆயினும், அச்செயலியின் கணக்கேட்டில் அப்பிள்ளை அந்தப் பாடத்தை முடித்துவிட்டதாகவே பதியப்படும்.

தொலைவிலிருந்து கணிதம் கற்பிக்கும் கைத்தொலைபேசிச் செயலிகளின் நன்மையும் தீமையும் இந்தச் சிறு நிகழ்ச்சியிலே அடங்கியுள்ளன. அவற்றை ஆக்குவோர் பெரும்பாலும் படங்களின் அழகிலும், பாட்டிலும், பரிசிலும் கருத்தைச் செலுத்துகின்றனர். ஆனால் ஆசிரியரிடமிருந்து அகன்று நிற்கும் பிள்ளைக்கு முதலில் வேண்டுவது, தான் எவ்வாறு சிந்தித்தது என்பதைக் கவனிக்கும் ஒரு செவியே. அந்தச் செவி இல்லாத செயலி, எத்துணை அழகாயினும், பாடம் கற்பிப்பதாகாது.

இப்பொருள் இன்று பொழுதுபோக்குக்காகப் பேசப்படுவதன்று. 2020 ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், கொவிட் நோய் பரவியபொழுது, இலங்கைப் பாடசாலைகள் மூடப்பட்டன. உலக நாடுகளிற் பெரும்பாலானவற்றிலும் இதுவே நிகழ்ந்தது. 150 கோடிக்கு மேற்பட்ட மாணாக்கர் ஒரே காலத்தில் வகுப்பறையை இழந்தனர். மலைப்பாங்கான ஊர்களில், தொலைபேசிச் சமிக்ஞை தேடிப் பிள்ளைகள் பாறைகளின் மேலும் மரங்களின் மேலும் ஏறியிருந்து பாடம் பெற்றனர். பாடசாலைகள் பின்னர் திறக்கப்பட்டன. ஆயினும் கைத்தொலைபேசி வழியாகக் கற்கும் பழக்கம் நிலைத்துவிட்டது. வெள்ளத்தினாலோ நோயினாலோ வகுப்பறை மீண்டும் மூடப்படும் நாள் வாராது என்று எவரும் உறுதி கூறல் இயலாது.

பிற பாடங்களினும் கணிதத்துக்கு இதனால் விளையும் ஊறு பெரிது. சரித்திரத்தில் ஓர் அதிகாரத்தைத் தவறவிட்ட பிள்ளை அடுத்த அதிகாரத்தை ஓரளவு விளங்கிக்கொள்ளலாம். கணிதமோ படிமேற் படியாக ஏறுவது. கழித்தலில் தடுமாறிய பிள்ளை வகுத்தலில் நின்றுவிடும். வகுத்தலில் நின்ற பிள்ளைக்குப் பின்னம் இருண்டுபோகும். பின்னம் விளங்காதவருக்கு அட்சரகணிதம் வெறும் எழுத்துக்கூட்டமாகும். அவ்வாறு பின்தங்கிய பிள்ளை வகுப்பறையில் முதலிற் செய்வது வாய்மூடி இருத்தல். அந்த மௌனத்தை ஆசிரியரின் கண் காணும். தொலைவிலிருந்து அது காணப்படுவதில்லை. ஆகவே, காணமுடியாததைக் காணும் வழியொன்றைச் செயலியினுள்ளே வைத்தமைத்தல் வேண்டும்.

இவ்விடயத்தில் வானொலிக்குப் பழைய அனுபவம் ஒன்று உண்டு. 1974 ஆம் ஆண்டில் நடு அமெரிக்க நாடாகிய நிக்கராகுவாவில், ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தின் துணையோடு வானொலிக் கணிதத் திட்டமொன்று தொடங்கப்பட்டது. மசாயா என்னும் பகுதியிலுள்ள ஆரம்பப் பாடசாலைகளில், நாள்தோறும் அரைமணி நேரமளவில் வானொலிப் பாடமும், அதன் பின் ஆசிரியர் நடத்தும் பயிற்சியும் நடைபெற்றன. வானொலியிற் பேசியவர் விரிவுரை நிகழ்த்தவில்லை. ஒரு கேள்வி கேட்டார், நிறுத்தினார், பிள்ளைகள் உரத்து விடை கூறவோ, கொப்பியில் எழுதவோ, விரலால் எண்ணிக் காட்டவோ இடம் விட்டார், பின்னர் சரியான விடையைக் கூறினார். ஒரு பாடத்துள் இவ்வாறு பன்முறை நிகழ்ந்தது.

அந்த இடைவெளியின் நீளம் மனம்போனபடி அமைந்ததன்று. பாடங்கள் ஒலிபரப்பாகும்பொழுது திட்டத்தைச் சேர்ந்தோர் வகுப்பறைகளிலிருந்து பிள்ளைகளைக் கவனித்தனர். இடையிடையே சிறு பரீட்சைகள் வைத்தனர். எந்தக் கேள்விக்குப் பிள்ளைகள் தயங்கினர், எந்தக் கேள்விக்கு முந்திக்கொண்டனர் என்பதைக் கண்டு, வரும் பாடங்களைத் திருத்தினர். ஒப்பிட்டுப் பார்த்தபொழுது, வானொலிப் பாடம் பெற்ற வகுப்புக்கள் ஏனைய வகுப்புக்களைக் கணிதத்திற் பெரிதும் விஞ்சியிருந்தன. ஒருவழிக் கருவியாகிய வானொலியே, கேட்டு நிறுத்திக் காத்திருக்கும் முறையினால் இத்துணை செய்தது. தொலைபேசியோ இருவழிக் கருவி; பிள்ளையின் விடை அதனுள்ளே வந்து சேர்கின்றது. வந்து சேர்ந்த விடையைச் செயலி என்ன செய்கின்றது என்பதே அடுத்த கேள்வி.

மீண்டும் 45 என்னும் விடையை எடுத்துக்கொள்வோம். இவ்விடைக்கு ஒரு பிள்ளை வந்த வழி இது: ஒன்றினிடத்தில் 2 இலிருந்து 7 போகாது; ஆகவே பெரியதாகிய 7 இலிருந்து சிறியதாகிய 2 ஐக் கழித்து 5 என்று வைத்தது. பத்தினிடத்தில் 5 இலிருந்து 1 போக 4. விடை 45. மற்றொரு பிள்ளை வேறு வழியில் வந்தது: பத்தினிடத்திலிருந்து ஒரு பத்தைக் கடன் வாங்கியது, 12 இலிருந்து 7 போக 5 என்று சரியாகவே கண்டது. ஆனால் கடன் கொடுத்த இடத்தில் ஒன்றைக் குறைக்க மறந்தது. 5 இலிருந்து 1 போக 4. விடை இதற்கும் 45.

விடை ஒன்று, நோய் இரண்டு. முதற்பிள்ளைக்குக் கடன் வாங்குதல் என்பதே தெரியாது. அதற்குப் பத்துக் குச்சிகளைக் கட்டிய கட்டினை அவிழ்த்துக் காட்டித் தொடக்கத்திலிருந்து கற்பித்தல் வேண்டும். இரண்டாம் பிள்ளைக்கு அது தெரியும். வாங்கிய கடனை எழுதி வைக்கும் பழக்கம் மட்டுமே இல்லை. இருவருக்கும் ஒரே மருந்தைக் கொடுத்தல் முறையன்று. இத்தகைய பிழைகள் கவனக்குறைவினால் வருவன அல்ல, அவற்றுக்குள் ஓர் ஒழுங்கு உண்டு என்பதை 1978 ஆம் ஆண்டில் ஜோன் சீலி பிரவுண், ரிச்சட் பேர்ட்டன் என்னும் இரு அமெரிக்க ஆய்வாளர் விரிவாக எடுத்துக் காட்டினர். பிள்ளை தவறாகச் செய்கின்றது என்பதைவிட, தவறானதொரு விதியைச் சரியாகப் பின்பற்றுகின்றது என்று கூறுதலே பெரும்பாலும் பொருந்தும்.

அவ்வாறாயின் செயலி இரு பிள்ளைகளையும் எவ்வாறு வேறு பிரித்தறியும்? இதற்குப் பெரிய யந்திர நுட்பம் வேண்டியதில்லை. கணக்கைத் தெரிவதிலே சிறிது கருத்திருந்தாற் போதும். 52 என்னும் எண்ணை 53 ஆக மாற்றிப் பார்க்கலாம். 53 இலிருந்து 17 ஐக் கழிக்கும்பொழுது, பெரியதிலிருந்து சிறியதைக் கழிக்கும் பிள்ளை 44 என்று கூறும். கடனைக் குறைக்க மறக்கும் பிள்ளை 46 என்று கூறும். சரியாகச் செய்வது 36 என்று கூறும். ஓர் இலக்கத்தை மாற்றியதும் மூவரும் மூன்று வழியில் நின்றுவிடுகின்றனர். இவ்வாறு, பிழையான விடையும் பொருள் தருமாறு கணக்குகளை முன்கூட்டியே தெரிந்து வைப்பவர் நல்ல ஆசிரியர். அவருடைய அறிவு செயலியினுள்ளே செல்லாவிடின், ஆயிரம் கணக்குகளை அடுக்கி வைத்தும் பயனில்லை.

நான்கு விடைகளைக் காட்டி ஒன்றைத் தெரியச் சொல்லும் வழக்கமும் இவ்விடத்திற் சிந்திக்கத்தக்கது. ஒன்றும் அறியாத பிள்ளையும் நான்கிலொரு பங்கு விடைகளைத் தற்செயலாகச் சரியாகத் தொட்டுவிடும். பிழையானால் உடனே மறுமுறை தொடலாம் என்றிருப்பின், நான்காவது முறையில் எவருக்கும் வெற்றி நிச்சயம். விடையைப் பிள்ளையே எழுதும்படி வைத்தல் மேலானது. தெரிவு விடைகளை வைத்தேயாக வேண்டுமாயின், அவற்றுள் 44 உம் 46 உம் இருத்தல் வேண்டும். 91 போன்ற எவரும் சொல்லாத எண்கள் இருந்து பயனில்லை.

பிள்ளையே எழுதுவதாயின், கையின் செய்தி வருகின்றது. கொப்பியிற் கழித்தல் செய்யும் பிள்ளை ஒன்றினிடத்தை முதலில் எழுதி, வலமிருந்து இடமாகச் செல்லும். கைத்தொலைபேசியின் எண்பலகையோ இடமிருந்து வலமாகவே எழுதும். 36 என்று தட்டுவதற்குப் பிள்ளை முதலில் 3 ஐத் தட்டவேண்டும். ஆனால் அந்த 3 பிள்ளைக்குக் கடைசியிலேயே தெரியவரும். ஆகவே முழுவிடையையும் மனத்தில் வைத்துக்கொண்டு தலைகீழாகத் தட்ட வேண்டியிருக்கின்றது. இச்சுமையினால் விளையும் பிழை கணிதப் பிழையன்று, கருவியின் பிழை. ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு கட்டம் வைத்து, எந்தக் கட்டத்தையும் முதலில் நிரப்பலாம் என்று விட்டுவிட்டால் இத்தொல்லை நீங்கும். கடன் வாங்கியதைக் குறித்து வைக்க மேலே ஒரு சிறு கட்டமும் இருக்குமாயின், மறதியினாற் பிழைக்கும் பிள்ளைக்கு அதுவே பாதி மருந்தாகும்.

பொத்தான்களின் அளவும் புறக்கணிக்கத்தக்கதன்று. விரலால் தவறாது தொடுவதற்கு ஒரு பொத்தான் ஏறக்குறைய 9 மில்லிமீற்றர் அகலமாவது இருத்தல் வேண்டும் என்பது இத்துறையில் வழங்கும் அளவு. சாதாரணக் கைத்தொலைபேசித் திரையின் அகலம் சுமார் 7 சென்ரிமீற்றர். பத்து இலக்கங்களையும் ஒரே வரிசையில் வைத்தால் ஒவ்வொன்றுக்கும் 7 மில்லிமீற்றரே கிடைக்கும். பிள்ளை 7 ஐத் தொட எண்ணி 8 ஐத் தொட்டுவிடும். ஆகவே பழைய தொலைபேசிகளிற் போல நான்கு வரிசைகளாக அமைத்தலே தக்கது. தட்டிய எண்ணை அழித்துத் திருத்தும் பொத்தான் எப்பொழுதும் கண்முன் இருத்தல் வேண்டும். “முடித்துவிட்டேன்” என்று பிள்ளை தானாகத் தெரிவிக்கும் வரையில் விடையைச் செயலி பறித்துக்கொள்ளலாகாது. பின்னங்களைச் சாய்கோடிட்டு ஒரே வரியில் எழுதாமல், கொப்பியிலுள்ளவாறு மேலும் கீழுமாகவே காட்டுதல் வேண்டும். பிள்ளை இருவகை எழுத்தை ஒருங்கே கற்க வேண்டியதில்லை.

நேரக்கட்டுப்பாடும் இத்தகையதே. மணிக்கூட்டு முள் சுழலச் சுழலக் கணக்குச் செய்யுமாறு பல செயலிகள் பிள்ளைகளை விரட்டுகின்றன. வாய்பாடு நன்கு பதிந்த பின் விரைவுப் பயிற்சி ஓரளவு உதவும். புதிய பாடத்தில் அது அச்சத்தையே விளைக்கும். அஞ்சிய பிள்ளை சிந்திப்பதை விட்டு ஊகிக்கத் தொடங்கும். நிக்கராகுவாவின் வானொலிப் பாடம் காத்திருந்தது. கைத்தொலைபேசியும் காத்திருக்கப் பழகல் வேண்டும்.

மொழியைப் பற்றியும் சில கூறவேண்டும். பிறமொழியில் ஆக்கிய செயலியைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கினால் அது தமிழ்ப்பிள்ளைக்கு உரியதாகிவிடாது. தமிழ் எண்ணுப்பெயர்கள் பெரும்பாலும் பிள்ளைக்குத் துணை செய்வன. பதினேழு என்னும் சொல்லிலேயே பத்தும் ஏழும் இருக்கின்றன. ஆனால் ஒன்பது என்னுமிடத்தில் ஒரு மயக்கம் உண்டு. இருபது, முப்பது போல முடியினும் அது ஒன்றினிடத்து எண். தொண்ணூறு நூறு என்று முடியினும் பத்தினிடத்தைச் சார்ந்தது. தொள்ளாயிரம் ஆயிரம் என்று முடியினும் நூறினிடத்தைச் சார்ந்தது. எண்களைக் குரலாற் சொல்லிப் பிள்ளையை எழுதச் செய்யும் செயலி, இவ்விடங்களில் மட்டும் கூடுதலான பயிற்சி கொடுத்தல் வேண்டும். ஆங்கிலத்தில் ஆக்கியவருக்கு இது தோன்றாது.

கலைச்சொற்களிலும் இடத்துக்கிடம் வேறுபாடு உண்டு. இலங்கைப் பாடசாலைகளில் அட்சரகணிதம், கேத்திரகணிதம் என்று வழங்குவனவற்றைத் தமிழ்நாட்டுப் பாடநூல்கள் இயற்கணிதம், வடிவியல் என்று வழங்குகின்றன. சென்னையில் ஆக்கிய நல்ல செயலியொன்று யாழ்ப்பாணத்துப் பிள்ளையின் கையில் வரும்பொழுது, கணக்கினால் அன்றிச் சொல்லினாலேயே அப்பிள்ளை இடறிவிடலாம். பிள்ளையின் கையிலுள்ள பாடநூலின் சொல்லே செயலியின் சொல்லாகவும் இருத்தல் முறை.

இனி, வீட்டு நிலைமை. பல இல்லங்களில் இருப்பது ஒரே கைத்தொலைபேசி. அது பகலில் தந்தையாரோடு வேலைத்தலத்துக்குச் சென்றுவிடும். மாலையில் மூன்று பிள்ளைகள் அதனைப் பங்கிட்டுக்கொள்வர். ஆகவே ஒரே கருவியிற் பல பிள்ளைகளின் கணக்கேடுகள் தனித்தனியே இருத்தல் வேண்டும். இல்லையேல், தமையனின் விடைகளைத் தம்பியின் விடைகளாக எண்ணிச் செயலி ஏமாறும். பாடம் பத்துநிமிடத் துண்டுகளாக அமைந்து, இடையில் அழைப்பு வந்து நின்றாலும் விட்ட இடத்திலிருந்து தொடங்குதல் வேண்டும். இணைப்பு உள்ளபொழுது பாடங்களை ஒருமுறை இறக்கி வைத்துக்கொண்டு, இல்லாதபொழுது அவற்றைக்கொண்டே நடத்தி, மீண்டும் இணைப்பு வந்ததும் விடைகளை மட்டும் அனுப்பும் முறையே ஏற்றது. அசையும் படங்களுக்குச் செலவாகும் டேட்டாவை நோக்க, எண்களாலான விடைகளுக்குச் செலவாவது மிகச் சொற்பம். ஏழை வீட்டுப் பணம் எதிற் செலவாகின்றது என்பதையும் ஆக்குவோர் நினைத்தல் வேண்டும்.

திரைத்தொலைபேசியும் இல்லாத வீடுகளுக்குக் குறுஞ்செய்தி உண்டு. அங்கும் தமிழுக்கு ஒரு தடை இருக்கின்றது. ஆங்கில எழுத்தாயின் ஒரு செய்தியில் 160 இடங்கள் உண்டு. தமிழெழுத்தாயின் 70 இடங்களே. அன்றியும், புள்ளியையும் உயிர்க்குறிகளையும் யந்திரம் தனித்தனி இடமாக எண்ணுகின்றது. “கணக்கு” என்னும் சொல் நமக்கு நான்கெழுத்து. யந்திரத்துக்கு ஆறு இடம். ஆகவே குறுஞ்செய்தியில் அனுப்பும் தமிழ்க்கணக்கு மிகச் சுருங்கிய வாக்கியத்தில் அமைதல் வேண்டும். விளக்கம் வேறு வழியாற் செல்லுதல் வேண்டும்.

அந்த வேறு வழி யாதென்பதை ஆபிரிக்க நாடாகிய பொட்ஸ்வானாவில் நிகழ்ந்த சோதனையொன்று காட்டுகின்றது. 2020 ஆம் ஆண்டில் பாடசாலைகள் மூடப்பட்டபொழுது, அங்குள்ள 4,550 குடும்பங்கள் மூன்று கூட்டங்களாகப் பிரிக்கப்பட்டன. முதற் கூட்டத்தாருக்கு வாரந்தோறும் குறுஞ்செய்தியிற் சில கணக்குகள் அனுப்பப்பட்டன. இரண்டாங் கூட்டத்தாருக்கு அக்கணக்குகளோடு, வாரத்துக்கொருமுறை பதினைந்து இருபது நிமிடத் தொலைபேசி அழைப்பும் கிடைத்தது. அழைத்தவர் பெற்றோரையும் பிள்ளையையும் ஒருங்கே வைத்துக்கொண்டு, கணக்கைச் செய்யச் சொல்லிக் கேட்டார். மூன்றாங் கூட்டத்தாருக்கு இரண்டும் இல்லை. முடிவில், அழைப்பும் பெற்ற பிள்ளைகளின் கணக்கறிவு தெளிவாக உயர்ந்திருந்தது. குறுஞ்செய்தி மட்டும் பெற்ற பிள்ளைகளிடம் உறுதியாகச் சொல்லத்தக்க உயர்வு காணப்படவில்லை.

பின்னர் இம்முறை இந்தியா, நேபாளம், பிலிப்பைன்ஸ், கென்யா, உகண்டா ஆகிய ஐந்து நாடுகளில் 16,000 க்கு மேற்பட்ட குடும்பங்களிடையே சோதிக்கப்பட்டது. அங்கும் அழைப்பே மேம்பட்டு நின்றது. அழைத்தவர்களிடம் விலையுயர்ந்த கருவி எதுவும் இருக்கவில்லை. பிள்ளை எந்தப் படியில் நிற்கின்றது என்பதை முதலில் அறிந்து, அந்தப் படிக்குரிய கணக்கைக் கொடுத்து, அது செய்யும் விதத்தைக் கேட்டனர். ஆசிரியர் எட்டிப் பார்த்த அந்தக் கொப்பியை, இங்கே குரல் வழியாகப் பார்த்தனர் என்று கூறலாம்.

இதனாற் செயலிகள் வேண்டாதன என்று முடிவு செய்தல் பொருந்தாது. அழைக்க ஆசிரியரே இல்லாத இடமும் உலகில் உண்டு. தன்சானியாவின் டங்கா பிரதேசத்திலே ஏறக்குறைய 170 கிராமங்களிற் பதினைந்து மாதம் ஒரு சோதனை நடந்தது. அங்குள்ள பிள்ளைகளுட் பெரும்பாலார் பாடசாலைக்கே சென்றறியாதவர். சுவாகிலி மொழியில் ஒரு சொல்லும் வாசிக்க இயலாதவர் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல். சூரிய ஒளியால் மின்னேற்றப்படும் கைக்கணினிகள் அவர்களுக்கு வழங்கப்பட்டன. எழுத்தறியாத பிள்ளைக்கு எழுத்தாற் கட்டளை இடுதல் இயலாது. ஆகவே செய்யவேண்டியதைச் செய்து காட்டிப் பிள்ளையைச் செய்யவிடுதல், தாய்மொழிக் குரலாற் பேசுதல், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே கேட்டல் என்பவை அங்கே விதிகளாயின. போட்டியாக நடந்த அம்முயற்சியில், 2019 ஆம் ஆண்டில் கிட்கிட் ஸ்கூல், வன்பில்லியன் என்னும் இரு ஆக்கங்கள் பரிசைப் பகிர்ந்துகொண்டன. ஆசிரியரில்லாத பிள்ளைக்கும் நல்ல செயலி அடிப்படை எண்ணறிவை ஊட்டும் என்பதற்கு அது சான்று. ஆசிரியர் இருக்கும் நாட்டில் அவரை விலக்கிவிடலாம் என்பதற்கு அது சான்றாகாது.

ஆசிரியர் உள்ள இடத்தில், செயலி அவருக்கு உதவும் கையாளாக அமைதல் வேண்டும். நாற்பது பிள்ளைகளின் நூற்றுக்கணக்கான விடைகளை அவருக்கு அனுப்பிவைப்பது உதவியன்று, சுமை. யார் முதலாவது, யார் கடைசி என்ற வரிசையும் அவருக்குப் பயன்படாது. “இந்த ஆறு பிள்ளைகள் கடன் வாங்குதலை அறியார், இந்த ஒன்பது பிள்ளைகள் குறைக்க மறக்கின்றனர், இந்த இருவர் நான்கு நாளாக எதையும் திறக்கவில்லை” என்று மூன்று வரியில் தெரிவிக்குமாயின், அன்று மாலை யாரை அழைத்து எதைக் கேட்கவேண்டும் என்பதை அவர் அறிவார். அந்த மூன்றாவது வரியே மிக முக்கியமானது. மௌனமாகிவிட்ட பிள்ளையைக் கண்டுபிடிக்கும் வரி அது.

செயலியை ஆக்கியோர் அதனை வெளியிடுமுன் பிள்ளைகளின் கையிற் கொடுத்துப் பார்த்தல் இன்றியமையாதது. ஐந்து பேரைக்கொண்டு சோதித்தாலே ஒரு கருவியின் வழங்கற் குறைகளிற் பெரும்பாலானவை வெளிப்படும் என்று, இத்துறையிற் பெயர்பெற்ற ஜேக்கப் நீல்சன் 2000 ஆம் ஆண்டில் எழுதினார். ஐந்தாறு பிள்ளைகளின் அருகே வாய்பேசாது இருந்து, விரல் எங்கே தயங்குகின்றது, கண் எதைத் தேடுகின்றது என்று பார்த்தல் போதும். பெரிய செலவு வேண்டியதில்லை. ஆனால் எந்தப் பொத்தானை அழுத்துவது என்று பிள்ளை அறிவதும், கழித்தலை அறிவதும் இரு வேறு காரியங்கள். முன்னதை ஐந்து பிள்ளைகளிடம் ஒரு மாலையிற் காணலாம். பின்னதைக் காண, சில வாரங்களின் பின் கைத்தொலைபேசியை எடுத்துவிட்டுப் பென்சிலும் கடதாசியும் கொடுத்துப் பார்த்தல் வேண்டும். நட்சத்திரக் கணக்கு இதற்கு விடையாகாது.

பிள்ளைக்கு ஒரு கணிதச் செயலியைத் தெரியும் பெற்றோரும் இவற்றை மனத்திற்கொள்ளலாம். வேண்டுமென்றே ஒரு பிழையான விடையைத் தட்டிப் பார்க்கட்டும். புள்ளடியோடு நின்றுவிடுகின்றதா, அல்லது எங்கே தவறியது என்று காட்டுகின்றதா? இணைப்பை நிறுத்திவிட்டுத் திறந்து பார்க்கட்டும், பாடம் நடக்கின்றதா? பிள்ளையின் பாடநூலை அருகே வைத்து ஒப்பிடட்டும். சொற்கள் ஒன்றாக இருக்கின்றனவா? இம்மூன்றுக்கும் அரைமணி நேரம் போதும். கணிதம் தமக்குத் தெரியாது என்று பின்வாங்கும் பெற்றோர்க்கும் இது இயலும்.

எல்லாவற்றினும் எளிய உதவி ஒன்று உண்டு. அதற்குச் செயலியும் வேண்டியதில்லை. பிள்ளை 45 என்று கூறும்பொழுது, பிழை என்று சொல்லுமுன், “எப்படிச் செய்தாய்?” என்று அருகிலிருப்பவர் கேட்டல் வேண்டும். பிள்ளை வாய்திறந்து சொல்லத் தொடங்கிய அப்பொழுதே பாடம் தொடங்கிவிடும்.